நடுவட்டத்துச் சீனப் பாடம்

கோயம்புத்தூர்க்காரர்கள் தினமும் விடியற்காலையில் எழுந்ததும் முதல் காரியமாகச் சீன மொழி பேசுகிறார்கள். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. உக்கடத்திலோ சிங்காநல்லூரிலோ கடை பெஞ்சியில் உட்கார்ந்து, "ஏனுங்க, ஒரு டீ போடுங்க" என்று ஒருவர் குரல் கொடுக்கிறாரே, அந்த வாக்கியத்தில் ஒரு சொல் சுத்தமான சீனச் சொல்.

சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில் ஃபூக்கியன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சில் அந்த இலைக்கு 'தே' என்று பெயர். டச்சு வியாபாரிகள் சரக்கையும் சொல்லையும் ஒரே கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் அது 'டீ' ஆயிற்று. நம்மவர்கள் 'தே'யோடு தமிழ் இலையைச் சேர்த்துத் தேயிலை என்றார்கள். அதே சீனத்தில் காண்டன் பக்கத்துக்காரர்கள் அதைச் 'சா' என்பார்கள். போர்த்துக்கீசியரும் பாரசீகரும் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லை. அது வடக்கே 'சாய்' என்றும், பாலக்காட்டைத் தாண்டினால் 'சாயா' என்றும் வழங்குகிறது. கூடலூர்ப் பக்கம் போனால் இன்னும் ஸ்வாரஸ்யம். அங்கே ஒரே கடையில் ஒருவர் தேயிலைப் பொட்டணம் வாங்குவார். பக்கத்தில் நிற்பவர் சாயா கேட்பார். இலைக்கு ஒரு சீனம், பானத்துக்கு மற்றொரு சீனம்! சீனர்கள் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒரே எழுத்துத்தான். உச்சரிப்புத்தான் ஊருக்கு ஊர் வேறு.

சர்க்கரையின் கதையும் இப்படிப்பட்டதுதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிற வித்தையைத் தெரிந்துகொண்டு வருவதற்காக, 7-ஆம் நூற்றாண்டில் டாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தாய்ட்சுங் மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார் என்று சீன சரித்திர நூல் சொல்கிறது. நம்மிடம் படித்த பாடத்தை அவர்கள் மேலும் வெளுத்து, மணிமணியாக்கி, நமக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்குச் 'சீனி' என்று பெயர் வைத்தோம். மதுரைப் பக்கம் இன்னும் அந்தப் பெயர் வழங்குகிறது. கொங்கு நாட்டுப் பாட்டிமார் மட்டும் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்றார்கள். கஞ்சம் ஜில்லாவில் ஆலை இருந்த ஓர் ஊரின் பெயர் அது. கொங்கு நாட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து சீனாவின் பெயர் இப்படி அழிந்துபோயிற்று.

ஒரு தேசத்தை நாம் எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்பதை யோசித்துப் பார்க்கும்போது, இந்த அடுக்களைச் சாமான்கள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகின்றன. படிகாரத்துக்குப் பழைய பெயர் சீனக்காரம். சிறு பிள்ளைகள் கொளுத்துவது சீனவெடி. கல்யாணத்துக்கு உயர்வானது சீனப்பட்டு. பொருள் வந்தது, பொருளோடு பெயரும் வந்தது. கொண்டுவந்த மனிதன் என்ன ஆனான்? அவனை நாம் கற்றுக்கொண்டோமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, அவர்கள் நம்மைக் கற்றுக்கொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் வம்சத்துச் சக்கரவர்த்தியின் கப்பற்படை, தளபதி செங் ஹோவின் தலைமையில் பல தடவை நம் கடல்களுக்கு வந்தது. அந்தப் படையில் மா ஹுவான் என்று ஒரு துபாஷி இருந்தார். 1413, 1421, 1431 ஆகிய ஆண்டுகளில் புறப்பட்ட மூன்று பயணங்களில் அவர் வந்திருக்கிறார். கண்டதையும் கேட்டதையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். ராஜாக்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகிற ஆசாமி அல்ல அவர். எந்த ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள், பலாப்பழம் எப்படி இருக்கும், மிளகு என்ன விலை, எருமைப் பால் கிடைக்குமா என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினார்.

கள்ளிக்கோட்டையைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு செய்தி சொல்கிறார். அந்த நாட்டுக்குக் கிழக்கே மலையைத் தாண்டி ஐந்நூறு 'லி'க்கு மேல் போனால் 'கான்-பா-யி' என்ற தேசம் வருமாம். அங்கிருந்து உயர்ந்த பருத்தித் துணி கள்ளிக்கோட்டைச் சந்தைக்கு வருகிறதாம். பெயரின் ஒலியைக் கேட்டதும் குஜராத்திலுள்ள காம்பேயோ என்று தோன்றலாம். ஆனால் கள்ளிக்கோட்டையில் நின்று கிழக்கே மலையைத் தாண்டினால் காம்பே எப்படி வரும்? பாலக்காட்டுக் கணவாய்தான் வரும்; அதைத் தாண்டினால் நம்முடைய கோயம்புத்தூர்தான் வரும். மா ஹுவானின் நூலை 1970-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மில்ஸ் என்ற அறிஞர் அந்த ஊரைக் கோயம்புத்தூர் என்றே கொண்டார். லங்காஷயரையும் மான்செஸ்டரையும் பற்றி யாரும் கேள்விப்படாத காலத்தில் கோவைத் துணி சீனப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

துணியின் அளவையும் அவர் விடவில்லை. அகலம் நாலரைச் சீன அடி, நீளம் இருபத்தைந்து சீன அடி, விலை எட்டுப் பொற்காசு அல்லது பத்து என்கிறார். அந்தக் காலத்துச் சீன அடி ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நீளம் எட்டரை கெஜம் வருகிறது. நம் வீட்டுக் கிழவிகள் கட்டிய கண்டாங்கியை நினைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு அந்நியமாகப் படாது. துணியின் உள்ளூர்ப் பெயர் 'சே-லி' என்று வேறு எழுதியிருக்கிறார். சேலையேதானா, அல்லது சாலியர் என்ற நெசவாளர் பெயரா என்பதை மொழி வல்லவர்கள் தீர்த்து வைக்கட்டும். என் காதுக்கு அது சேலையாகத்தான் ஒலிக்கிறது.

அந்தப் பொற்காசின் பெயரையும் மா ஹுவான் சீன எழுத்தில் பதிந்து வைத்தார். படித்தால் 'பா-நான்' என்று வரும். நம்முடைய பணம்தான் அது! அவர்கள் நம்மிடம் கற்ற சொல் பணம். நாம் அவர்களிடம் கற்ற சொல் தேயிலை. யார் கெட்டிக்காரர் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பாஷை தெரியாதவர்கள் வியாபாரம் செய்தது எப்படி? அதற்கும் மா ஹுவான் விடை தருகிறார். கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல் வந்து நின்றதும் ராஜாவின் அதிகாரியும் தரகரும் கணக்கரும் வருவார்கள். ஒவ்வொரு சரக்கையும் பார்த்து விலை பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, பேசியது பேசியதுதான். சீனர்கள் மணிச்சட்டம் வைத்துக் கணக்குப் போடும்போது, நம் பக்கத்துக் கணக்கர்கள் இரண்டு கை, இரண்டு கால், இருபது விரல் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இம்மி பிசகாமல் கணக்குச் சொன்னதைக் கண்டு அவர் அதிசயப்பட்டுப்போகிறார்.

அந்த அதிசயம் நம் ஊரில் இன்னும் செத்துப்போகவில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் தோள் துண்டை இறக்கி, அதன் மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். "வாயால் சொன்னால் என்ன?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"வாயில சொன்னா சந்தைக்கே தெரிஞ்சு போயிருமுங்க. அதுவுமில்லாம கன்னடத்துக்காரர் வருவாரு, மலையாளத்துக்காரர் வருவாரு. எல்லார்த்து பாசையும் நமக்கு எங்கெங்க தெரியுது? வெரலுக்கு ஏதுங்க பாசை?" என்றார்.

துபாஷி மா ஹுவான் கேட்டிருந்தால் அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்.

கைப்பாஷையோடு நின்றுவிடாமல் மேலே போனவர்களும் உண்டு. ஃபூக்கியன் மாகாணத்தில், அந்தத் 'தே' பிறந்த பக்கத்திலேயே, சூவன்சௌ என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவன் கோயில் கட்டினார்கள். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. மங்கோலியச் சக்கரவர்த்தியான கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. அதன் கடைசியில் ஒரு வரி சீன எழுத்தில் இருக்கிறது. இலங்கையில் காலி நகரத்தில் 1911-இல் அகப்பட்ட கல் இதற்குப் பதில் மரியாதை போல இருக்கிறது. அது செங் ஹோ கொண்டுவந்த கல். 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரே கல்லில் மூன்று மொழி, மூன்று தெய்வம்! தெரியாத மனிதனிடம் அவனுடைய பாஷையில், அவனுடைய சாமியின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும் என்ற நாகரிகம் இரு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

ராஜாக்களும் வணிகர்களும் கல்லில் எழுதினார்கள்; பெயர் நின்றது. கல்லில் எழுத வகையில்லாதவர்களிடம் நாம் படித்த பாடமும் ஒன்று உண்டு. அதற்கு நாம் மலையேற வேண்டும்.

நீலகிரி, 1868-இல் தனியாகப் பிரியும் வரையில், கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மலைதான். 1850-களில் குன்னூரில் மான் என்ற வெள்ளைக்காரர் மிகுந்த சிரமப்பட்டுச் சீனாவிலிருந்து நல்ல ஜாதித் தேயிலை விதைகளை வரவழைத்துப் பயிரிட்டார். செடி வளர்ந்தது. ஆனால் செடி வளர்ந்தால் மட்டும் தேயிலை ஆகிவிடாது. கொழுந்தைக் கிள்ளி, பதமாக வாடவிட்டு, சாறு கசியும்படி உருட்டி, நிறம் மாறுகிற நேரம் பார்த்து நெருப்பில் காட்டி உலர்த்த வேண்டும். வாடியது போதுமா என்பதைக் கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். உலர்ந்தது போதுமா என்பதை மூக்கால் அறிய வேண்டும். சீனாவில் இது தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகிற வித்தை. புத்தகத்தில் எழுதி வருவதல்ல.

அந்தச் சமயத்தில் வேறொரு வழியாகச் சீனர்கள் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு முதலிய ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சிறைச்சாலைகள் போதாமல், அங்கே தண்டனை பெற்ற சீனக் கைதிகளைச் சென்னை ராஜதானிச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, ராஜாங்கக் கட்டட வேலைகளிலும் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்திலும் உழைத்தார்கள். சிங்கோனா என்பது மலேரியாவுக்குக் கொயினா மருந்து தரும் மரம். தேயிலைத் தோட்டக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அபினி யுத்தத்தில் பிடிபட்ட சீனர்களும் அந்தக் கைதிகளில் இருந்தார்கள் என்றும், தேயிலைப் பக்குவத்தை முதன் முதலில் கையோடு கைவைத்துக் கற்றுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்றும் அது சொல்கிறது. இது மலையில் வாய்வழியாக வழங்கும் பேச்சு. சீனக் கைதிகள் அங்கே இருந்ததோ சர்க்கார் ஏடுகளில் பதிவான சங்கதி.

சர்க்கார் ஏட்டில் அவர்கள் இடம்பெற்ற முக்கியமான சந்தர்ப்பம் நல்லதல்ல. மழையும் காற்றுமான ஓர் இரவில், சில சீனக் கைதிகள் தப்பி ஓடினார்கள். துரத்திப்போன போலீஸ்காரர்கள் நால்வர், மலபாருக்கு இறங்கும் சிஸ்பாராக் கணவாய்ப் பாதையில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் கொலையை மெழுகி மறைக்க எனக்கு எண்ணமில்லை. செத்துப்போன நால்வரும் யாரோ ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு கூட்டத்தாரைப் பற்றி ஏடு ஞாபகம் வைத்துக்கொண்டது அவர்களுடைய கத்தியைத்தான். அவர்களுடைய கைத்திறமையை மறந்துவிட்டது.

தப்பி ஓடாமல் தண்டனையைக் கழித்தவர்களும் இருந்தார்கள். விடுதலையான பிறகு ஊருக்குப் போக வழியில்லாமலோ, போக மனமில்லாமலோ, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவேயுள்ள மலைச் சரிவில் குடியேறினார்கள். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் இந்தச் சீனக் குடும்பங்களை நேரில் கண்டதை எழுதியிருக்கிறார். அவர்கள் தாழ்த்தப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டு, காய்கறி போட்டு, கொஞ்சம் காப்பி வைத்து, மாடு வைத்துப் பால் விற்று, யாருக்கும் கெடுதல் இல்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனத் தகப்பனுக்கு இருந்த மனக்குறை ஒன்றே ஒன்றுதானாம். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தபோது அவனுடைய பின்னலை வெட்டிவிட்டார்கள் என்பதுதான் அது.

அந்தப் பின்னலின் கதை தெரிந்தால் அவன் குறை சின்னதாகத் தோன்றாது. 1645-இல் சீனாவை வென்ற மஞ்சூரியர்கள், முன்மண்டையைச் சிரைத்துப் பின்னல் வைக்காதவனுக்குச் சிரச்சேதம் என்று கட்டளையிட்டார்கள். அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தொடங்கியது, இருநூறு வருஷத்தில் மானத்தின் அடையாளமாக மாறிவிட்டது. அது இல்லாமல் சீன மண்ணில் காலை வைத்தால் அவன் ராஜத்துரோகி. ஆகவே மலைச் சரிவில் அந்தப் பின்னல் வெட்டப்பட்ட நாளில், அவன் ஊருக்குத் திரும்பும் பாதையும் வெட்டப்பட்டுவிட்டது. குடுமியை எடுப்பதா வேண்டாமா என்று நம் கிராமங்களில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது! அந்தச் சீனனின் துக்கம் நமக்குப் புரியக்கூடிய துக்கந்தான்.

தர்ஸ்டன் அந்தக் குழந்தைகளின் தலையை அளந்தார், மூக்கை அளந்தார். அளவுகளெல்லாம் அட்டவணையாக அச்சேறியிருக்கின்றன. நான் புரட்டிப் பார்த்த பக்கங்களில் பெயர்கள் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. தாயின் பெயரும் இல்லை.

அந்தத் தாய்மார்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கொங்குச் சீமையிலும் அதை ஒட்டிய மலையிலும் வீட்டு வாழ்க்கையில் சீனம் படித்தவர்கள் யார் என்று கேட்டால், அந்தப் பெண்களைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் கிடையாது, அகராதி கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு வார்த்தை சொல்கிறான். அவன் கேட்பது உப்பா, தண்ணீரா, நெருப்பா? எடுத்துக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சீனர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் வழக்கமாகக் கேட்பது, சாப்பிட்டாயா என்பதாம். நம் பக்கத்தில் வேறு என்ன கேட்கிறோம்? பசியை விசாரிப்பதைக் குசலம் விசாரிப்பதாக வைத்துக்கொண்ட இரண்டு ஜனங்கள் ஒரே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால், பாஷை வருவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? அவன் ஊரில் காலையில் குடிப்பது அரிசிக் கஞ்சி. சீனர்களின் அந்தக் கஞ்சிக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரே நம்முடைய 'கஞ்சி'யிலிருந்து போனதுதான்.

ஜாதி அவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தது. சட்டம் அவனைத் தேசத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. வெளியே நின்ற இரண்டு பேர்தான் உள்ளே வா என்று ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நடுவட்டம் போயிருந்தேன். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் பாதையில், மேகம் சாலைக்குக் குறுக்கே நடந்து போகிற ஊர் அது. பழைய சிறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, சுற்றிலும் தேயிலை. கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரை விசாரித்தேன்.

"சீனாக்காரங்க செயில்ல இருந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க. அவங்க போட்ட தோட்டம்னுகூடச் சொல்லுவாங்க."

"அவர்கள் பெயர் ஏதாவது தெரியுமா?"

"பேரு யாருக்குங்க தெரியும்? அப்புறம் எல்லாரும் நம்ம ஆளுங்களாயிட்டாங்கல்ல!" என்று சொல்லிக் கண்ணாடி டம்ளரை நீட்டினார்.

நம்ம ஆட்களாகிவிட்டார்கள் என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் பெயர் போன பிறகு நம்மவராகி என்ன லாபம் என்றும் மனசு கேட்கிறது.

பாஷையை முறையாகப் படிக்கும் முயற்சி மிகப் பின்னால்தான் வந்தது. முதலில் முயன்றவர்கள் அவர்களே. 1962-இல் யுத்தம் நடந்து, இரு நாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்ட அடுத்த வருஷம், 1963 ஆகஸ்டு 1-ஆம் தேதி, பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சர்க்கார் காரியந்தான், பிரசார நோக்கமும் உண்டு. ஆனாலும் சீனப் பெண்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, தேர்ந்த தமிழில் வணக்கம் சொன்னதைக் கேட்டு, நம் சிற்றூர்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன, கடிதங்கள் குவிந்தன. நம் பக்கத்திலிருந்து பீக்கிங்கில் தூதரக உத்தியோகம் பார்த்த ஸ்ரீதரன் மதுசூதனன், 'பயணி' என்ற புனைபெயரில் சீன மொழிக்குத் தமிழில் அறிமுக நூல் எழுதினார். சீனர்களின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பிலிருந்து பாடல்களை, ஆங்கிலத்தின் தயவில்லாமல், நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நூறு வியாபார ஒப்பந்தங்களைவிட அந்த ஒரு காரியம் பெரிதென்பேன்.

இன்று திருப்பூர்க்காரர்களும் கோவைக்காரர்களும் இயந்திரமும் உதிரிப் பாகமும் வாங்கக் காண்டனுக்குப் போய் வருகிறார்கள். அங்கே 1957-லிருந்து ஆண்டுக்கு இரு முறை பெரிய சந்தை கூடுகிறது. விலை பேசுகிற அளவுக்குச் சீனம் கற்றுக்கொண்டு வருகிறார்கள். வைத்தியம் படிக்கப் போன பிள்ளைகள் இன்னும் அதிகமாகவே கற்று வருகிறார்கள். இது நல்லதுதான். ஆனால் எண்ணும் விலையும் தெரிந்தால் மா ஹுவான் காலத்து விரல் கணக்கோடு நிற்கிறோம் என்றுதான் அர்த்தம். எதிரே இருப்பவனுடைய பெயரையும், அவன் தாயின் ஊரையும், அவனுக்கு எது மானம், எது துக்கம் என்பதையும் கேட்கத் தெரிந்த பிறகுதான் பாஷை தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கும் சரிவில், சாலையோரமாக ஒரு கல் நட வேண்டும். காலிக் கல்லைப்போல அதில் பொன்னும் பட்டும் கணக்குப் பார்த்து எழுத வேண்டாம். தமிழில் இரண்டு வரி, சீனத்தில் இரண்டு வரி போதும். இந்த மலையில் கொழுந்தை வாடவைக்கவும் உருட்டவும் கை பழக்கியவர்களுக்கும், அவர்கள் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்ட பெண்களுக்கும் என்று எழுதினால் போதும். பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். வழிப்போக்கர்கள் பார்த்துவிட்டு, ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கட்டும்.